இஞ்சி மிட்டாய்க்குக் கிடைத்த அமோக வரவேற்பு

ஒரு மனுஷனுக்கு நிலையான வேலை இருக்கிறது, அளவான வீடு இருக்கிறது, வாயைத் திறந்தால் பதிலுக்குப் பேச ஒரு மனைவியும் இருக்கிறாள். இதற்கு மேல் என்ன வேண்டும்? என் கணவருக்கு மிட்டாய் வேண்டியிருந்தது. சாப்பிட அல்ல, விற்க.

இவர் லிஃப்ட் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். இந்த நாட்டுக்கு நாங்கள் வந்ததே அந்த வேலையை நம்பித்தான். வீட்டுக் கடன், மகளின் படிப்பு, என் முதுகுவலி வைத்தியம் எல்லாம் அந்த வேலையின் தலையில்தான் உட்கார்ந்திருக்கின்றன. நான் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் இருக்கிறேன். என் சம்பளம் காய்கறிக்கும் பஸ்ஸுக்கும் சரியாகப் போய்விடும். ஆகவே இவர் வேலை போனால் என்ன ஆகும் என்று நான் ராத்திரியில் விழித்துக் கணக்குப் போட வேண்டியதே இல்லை. பட்டப்பகலிலேயே தெரியும்.

இந்த நேரம் பார்த்து இவருடைய கல்லூரி சிநேகிதர் ஒருவர் ஊரில் மிட்டாய்த் தொழிற்சாலை ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் அங்கேயே விற்றுத் தொலைத்திருக்கலாம். அவருக்கு உலகத்தின் நாக்குக்கே சேவை செய்ய ஆசை. போனில் கூப்பிட்டு, "உன் நாட்டுல நம்ம இஞ்சி மிட்டாய்க்குப் பெரிய மார்க்கெட் இருக்குடா. நீ மட்டும் மனசு வச்சா போதும்" என்றார். 'உன் நாடு' என்ற சொல்லிலேயே இவர் கவிழ்ந்துவிட்டார். இந்த நாட்டில் கடனில்லாமல் எங்களுக்குச் சொந்தம் என்று இருந்தது ஒரு பழைய காரும் நாலு நாற்காலியும்தான்.

சாம்பிள் வந்தது. வாயில் போட்டால் முதலில் இனிக்கும். 'பரவாயில்லையே' என்று நாம் நினைக்கும்போது காது இரண்டும் சூடாகும். மூக்கு ஒழுகும். கண்ணில் தண்ணீர் வரும். அதெல்லாம் அடங்கி, துப்பிவிடலாம் என்று பார்த்தால் மிட்டாய் கடைவாய்ப் பல்லைப் பிடித்துக்கொண்டு விடாது. கிளினிக்குக்கு ஒரு பிடி எடுத்துப் போனேன். டாக்டர் ஒன்றைச் சப்பிப் பார்த்து, "இதை இந்த ஊர்ல விக்கப் போறீங்களா? தாராளமா வித்துக்குங்க" என்று மனதார வாழ்த்தினார். எங்கள் மிட்டாயின் எதிர்காலத்தை நம்பிய முதல் வெளியாள் அவர்தான். அவருக்கு அவர் தொழில் முக்கியம்.

"கொஞ்சம் காரமா இல்லைங்க?" என்றேன் இவரிடம்.

"காரம் இல்ல, கேரக்டர்" என்றார்.

சரி, கேரக்டரோடு ஒரு சூப்பர் மார்க்கெட்டின் தலைமை அலுவலகத்துக்குப் போனோம். அந்தக் கம்பெனிக்கு ஊரெங்கும் கிளைகள். எந்தச் சரக்கை எந்த அலமாரித் தட்டில் வைப்பது என்று முடிவு செய்கிற அம்மாள் எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார். நான் அவர் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவந்தது. அவர் தண்ணீரை முழுவதும் குடித்துவிட்டு, "ரொம்ப சுவாரஸ்யமா இருக்கு" என்றார்.

இவருக்குத் தலைகால் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. எங்கள் கிளினிக்கில் பல்லைப் பிடுங்க எவ்வளவு ஆகும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, இனி இந்தப் பக்கமே வரக்கூடாது என்று முடிவு செய்கிறவர்கள் எல்லாரும் கடைசியாகச் சொல்லிவிட்டுப் போகிற வார்த்தை அதுதான். அன்றிலிருந்து அந்த அம்மாளுக்கு நான் வைத்த பெயர் சுவாரஸ்யம்.

ஆனாலும் சுவாரஸ்யம் நல்ல மனுஷி. எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கிளையில், ஒரே ஒரு தட்டில், இந்தப் பருவம் முடியும்வரை வைத்துப் பார்க்கலாம் என்றார். நன்றாகப் போனால் எல்லாக் கிளைகளுக்கும் எடுப்பார்கள். போகாவிட்டால் மிச்சத்தை நாங்களே அள்ளிக்கொண்டு போக வேண்டும். காரில் ஏறியதும் இவர் சொன்னார்: "எல்லாக் கிளைக்கும் எடுத்துட்டா நான் வேலைய விட்டுடுவேன்."

வீடு வரும்வரை நான் கடனில் மிச்சமிருக்கும் தவணைகளை எண்ணிக்கொண்டே வந்தேன்.

அடுத்த வாரம் எங்கள் வீட்டுக் கூடம் தொழிற்சாலையாக மாறியது. வெளியூர்ச் சரக்கு என்றால் ஒவ்வொரு பாக்கெட்டின் முதுகிலும் இந்த நாட்டு மொழியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், என்ன சேர்த்திருக்கிறது, எதற்குள் சாப்பிட வேண்டும் என்று. சட்டம். என் நாத்தனார், கொழுந்தன், என் அண்ணன் என்று மூன்று பேரும் சனிக்கிழமை வந்து தரையில் உட்கார்ந்து ஒட்டினார்கள். கொழுந்தன் ஒட்டிய ஸ்டிக்கர் எல்லாம் கோணல். என் அண்ணன் ஒட்டியது நேராக இருந்தது, ஆனால் தலைகீழாக இருந்தது. நாத்தனார் மட்டும்தான் ஒழுங்காக ஒட்டினாள், பத்து பாக்கெட்டுக்கு ஒருதரம் எழுந்து போய் என் அடுக்களை டப்பாக்களைத் திறந்து பார்த்துக்கொண்டு. வயிற்றுப்புண்காரி அவள், இஞ்சி பக்கமே போகக் கூடாது. வாசனைக்கே முகத்தைச் சுளித்தாள். இருந்தும், "அண்ணா, இது பிச்சுக்கிட்டுப் போகும் பாருங்க" என்றாள்.

"உன் வாய் முகூர்த்தம்" என்றார் இவர்.

முதல் ஞாயிற்றுக்கிழமை கடையில் சாம்பிள் கொடுக்க அனுமதித்தார்கள். ஒரு சின்ன மேஜை, ஒரு தட்டு, அதன் பின்னால் டை கட்டிக்கொண்டு இவர். பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்பது என் வேலை. சிரிப்பு எனக்கு எவ்வளவு தூரம் வரும் என்று தெரிந்தும் நிறுத்தினார்.

இந்த ஊர்க்காரர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம் என்றுதான் அர்த்தம். நம் வீட்டில் அப்படியா? முதல் தரம் வேண்டாம் என்றால் கூச்சம், இரண்டாம் தரம் மரியாதை, மூன்றாம் தரம் சொன்னால்தான் கொஞ்சம் யோசிக்கலாம். இவர் அந்த வளர்ப்பு. ஒரு பெண்மணி "வேண்டாம், நன்றி" என்று தள்ளுவண்டியைத் திருப்பினார். இவர் தட்டோடு பின்னாலேயே போனார்.

"சும்மா சொல்லாதீங்க, ஒண்ணே ஒண்ணு!"

"வேண்டாங்க."

"சரி, வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. பசங்களுக்கு!"

"எனக்குப் பசங்க இல்ல."

"வரப்போற பசங்களுக்கு!" என்று அவர் கைப்பைக்குள்ளேயே நாலு மிட்டாயைப் போட்டுவிட்டார்.

காவலாளி வந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அந்தக் காவலாளிக்கும் இவர் ஒன்றைக் கொடுத்தார். கடமையில் இருப்பவர் எதையும் வாங்கக் கூடாதாம். "அதெல்லாம் பரவாயில்ல" என்று சட்டைப் பையில் திணித்தார். மத்தியானத்துக்குள் மேஜையை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். அதற்குள் மிட்டாயை மனமுவந்து வாங்கி வாயில் போட்டவர் ஒரே ஒரு பெரியவர். அவரை நாற்காலி போட்டு உட்காரவைத்து விசிற வேண்டியிருந்தது. கூட்டம் கூட்டமாகப் போன அத்தனை பேரில் ஒருவர்கூட அலமாரித் தட்டிலிருந்து பாக்கெட்டை எடுக்கவில்லை. நான் கண்ணால் பார்த்தேன். எனக்குள்ளே, சொன்னால் திட்டுவீர்கள், ஒரு நிம்மதி. வேலை பிழைத்தது.

அந்த நிம்மதிக்கு ஆயுசு அவ்வளவுதான். இரண்டாம் வாரமே கடையிலிருந்து இவருக்குப் போன். தட்டு காலி, இன்னும் சரக்கு அனுப்புங்கள் என்று. இவர் கூடத்தில் குதித்தார். கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்டும்வரை குதித்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

விளங்கவைத்தவள் நாத்தனார். அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். டீத்தூள் எடுக்க அலமாரியைத் திறந்தேன். இஞ்சி மிட்டாய் என் தலையில் கொட்டியது. மேல் தட்டு, கீழ்த் தட்டு, அரிசி டப்பாவுக்குப் பின்னால், எல்லா இடத்திலும் எங்கள் பாக்கெட்.

"அண்ணி, அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. கடையில அப்படியே கிடந்துச்சு. பார்க்கவே வயித்தெரிச்சலா இருந்துச்சு. டை எல்லாம் கட்டிக்கிட்டு நின்னாரே பாவம்."

"அதுக்காக? உனக்கு ஒரு மிட்டாய் தின்னாலே ஆஸ்பத்திரிதானே?"

"நான் எங்க தின்னேன்? சும்மா வாங்கி வச்சிருக்கேன். நான் ஒருத்திதான் வாங்குறேன், அதுக்கே காலியாயிடுதுன்னா பாருங்க!" பிறகு ஒரு புது வாணலியைப் பெருமையாகக் காட்டினாள். "பாயிண்ட் நிறைய சேர்ந்துச்சு, இத சும்மா கொடுத்தாங்க."

ரகசியமாகச் செய்கிற உபகாரத்துக்குக்கூட பாயிண்ட் கார்டைத் தேய்த்திருக்கிறாள் மகராசி. பாயிண்டைச் சும்மா விட எங்கள் வம்சத்தில் ஆள் பிறக்கவில்லை.

அவள் ஒருத்தி என்றா நினைக்கிறீர்கள்? கொழுந்தனின் கார் டிக்கியில் ஸ்பேர் டயர் வைக்கிற குழியில் மிட்டாய் இருந்தது. "அண்ணி, என்னைத் தவிர யாருக்கும் தெரியாது, சத்தியம் பண்ணுங்க" என்றான். அடுத்து என் அண்ணன். அவன் ஆபீசில் மேஜைக்கு மேஜை வைத்திருக்கிறான், யாரும் தொடுவதில்லையாம். "மாப்பிள்ளை முகம் வாடினா எனக்குத் தாங்காதும்மா. நான் ஒரு ஆள் வாங்குறதுல என்ன வந்துடப் போகுது?" ஆளுக்கு ஆள் தாங்கள் மட்டும்தான் தியாகி என்று நினைத்துக்கொண்டு, ஒருவர் கிளம்பிப் போன பத்தாம் நிமிஷம் இன்னொருவர் அதே தட்டின் முன்னால் போய் நின்றிருக்கிறார்கள்.

மூன்று பேரையும் தனித்தனியாகத் திட்டித் தீர்த்தேன். "நீங்க வாங்குற ஒவ்வொரு பாக்கெட்டும் அவர வேலைய விட்டு வெளிய தள்ளுது. புரியுதா உங்களுக்கு?" என்று கத்தினேன். மூன்று பேரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "பாவம்ல?" நாத்தனார் ஒருபடி மேலே போய், "நீங்களும் ரெண்டு வாங்குங்க அண்ணி" என்றாள். மாட்டவே மாட்டேன் என்றேன்.

நான் இவரிடம் சொல்லாமல் இருந்தேன் என்று நினைக்காதீர்கள். ஒருநாள் சாப்பிடும்போது ஆரம்பித்தேன்.

"ஏங்க, இத யார் வாங்குறாங்கன்னு எப்பவாவது யோசிச்சீங்களா?"

"மக்கள்."

"எந்த மக்கள்? ஒருவேளை நம்ம ஆளுங்களே வாங்கிக் குவிக்கிறாங்கன்னா?"

இவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "ஒரு மனுஷன் முன்னுக்கு வந்தா வீட்டுல இருக்கிறவங்களுக்கே பொறுக்காது போலிருக்கு" என்றார். சொல்லிவிட்டு உடனே சிரித்தார், விளையாட்டுக்குச் சொன்னதுபோல. இவர் இப்படிச் சிரித்து நான் எத்தனையோ வருஷமாகப் பார்த்ததில்லை. லிஃப்ட் கம்பெனிக்காரர் சிரிக்கிற சிரிப்பு இல்லை இது. காலையில் பாட்டு வேறு பாடுகிறார், குளியலறையில். அந்த முகத்தைப் பார்த்து, உங்கள் மிட்டாயை ஒரு ஈ எறும்புகூட வாங்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பயமாக இருந்தது. வேலை போய்விடுமோ என்றும் பயம், இந்தச் சிரிப்பு போய்விடுமோ என்றும் பயம். இரண்டில் எது பெரியது என்று கேட்டால் வேலைதான் என்று சட்டென்று சொல்லிவிடுவேன். நான் அப்படிப்பட்டவள்.

பருவம் முடிந்தது. சுவாரஸ்யம் எங்களை வரச் சொன்னார்.

"மீட்டிங் முடிஞ்சதும் நேரா ஆபீஸ் போறேன். போய் மேனேஜர்கிட்ட சொல்லிடுறேன், நாளையிலிருந்து வேற ஆள் பாத்துக்கங்கன்னு" என்றார் இவர் கண்ணாடி முன்னால் நின்று. டை புதுசு. நாலு தரம் கட்டி அவிழ்த்தார். நானும் கிளினிக்குக்கு லீவு போட்டுவிட்டுக் கூடவே கிளம்பினேன். ஆபீஸ் வாசலில் இவர் காலைப் பிடித்தாவது தடுப்பது என்று முடிவு.

அதே அறை, அதே தண்ணீர். இந்தத் தடவை மிட்டாயை அந்த அம்மாள் தொடவில்லை.

"உங்க மிட்டாய் நல்லா போயிருக்கு. ஒரே கடையில, ஒரே தட்டுல, இவ்வளவு வேகமா எதுவும் காலியானதே இல்ல" என்றார்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். 'பொறாமைக்காரி, பார்த்தாயா' என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

"அதனால, எல்லாக் கிளைக்கும் எடுக்குறதுக்கு முன்னாடி, எந்த மாதிரி ஆளுங்க வாங்குறாங்கன்னு பாயிண்ட் கார்டை வச்சுப் பார்த்தோம். வயசானவங்களா, சின்னப் பசங்களா, எந்தத் தெருன்னு. எப்பவும் பார்ப்போம்." அவர் கொஞ்சம் நிறுத்தினார். சொல்லக் கஷ்டப்படுகிறார் என்று தெரிந்தது. "மூணு பேர்."

"மூணு வகையா?" என்றார் இவர்.

"வகை இல்ல. ஆளு. மூணே மூணு கார்டுதான். பேரெல்லாம் நான் சொல்லக் கூடாது. ஆனா ரெண்டு கார்டுல உங்க குடும்பப் பேரேதான் இருக்கு. மூணாவது ஆளு, எங்க கல்லாவுல இருக்கிற பொண்ணுகிட்ட ஒவ்வொரு தரமும், இது என் மாப்பிள்ளை கொண்டு வந்த மிட்டாய்னு சொல்லிட்டுத்தான் போவாராம்."

என் அண்ணன். வேறு யார்? ரகசியத்தைக் காப்பாற்றச் சொன்னால் கல்லாவில் நின்று மேளம் அடித்திருக்கிறான்.

இவர் அசையவில்லை. "வேற யாருமே வாங்கலையா?" என்று கேட்டார். குரல் சின்னதாக இருந்தது.

"கார்டு இல்லாம ஒருத்தர் வாங்கினார். மறுநாளே திருப்பிக் கொடுத்துட்டார். இருமல் நிக்கலையாம்."

இவர் எழுந்து அந்த அம்மாளுக்கு நன்றி சொன்னார். நாற்காலியைச் சரியாக மேஜைக்குள் தள்ளினார். கதவுவரை வந்த அந்த அம்மாள், "உங்க குடும்பம்…" என்று இழுத்தார். எனக்குத் தெரியும் என்ன வரப்போகிறது என்று. "ரொம்ப சுவாரஸ்யமா இருக்கு" என்றார். இந்த முறை மட்டும் நிஜமாகவே சொன்னார் என்று நினைக்கிறேன்.

காரில் உட்கார்ந்தோம். இவர் சாவியைப் போடவில்லை. சரி, இடிந்துவிட்டார், இனி அழுவார், இல்லாவிட்டால் மூன்று பேரையும் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்குவார் என்று தயாராக இருந்தேன். அழுதார். ஆனால் சிரித்துக்கொண்டே அழுதார்.

"தங்கச்சிக்கு இஞ்சியே ஆகாது. அவ போய் வாங்கியிருக்கா பாரு, எனக்காக. தம்பி, அவன் என்கிட்ட ஒழுங்கா பேசியே வருஷமாச்சு. மச்சான்… மாப்பிள்ளை மிட்டாய்னு சொல்லியிருக்காரு கடையில."

"ஆமா."

"இவங்களுக்கெல்லாம் நான் என்ன செஞ்சுட்டேன்?"

வேலை பிழைத்துவிட்டது என்று என் மனசு உள்ளே கூத்தாடிக்கொண்டிருந்தது. அதை மறைக்க ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இவர் மெதுவாகக் கேட்டார்.

"மூணு கார்டுதான்னு சொன்னாங்கல்ல?"

"ம்."

"உன் கார்டு அதுல இல்ல."

வந்ததே எனக்குக் கோபம்! பொய் சொன்னவர்கள் எல்லாம் தெய்வம், உண்மையாக இருந்தவள் குற்றவாளியா? விட்டு வாங்கினேன். "ஆமா, வாங்கல. வாங்கியிருந்தா இன்னிக்கு நீங்க வேலைய விட்டுட்டு நடுத்தெருவுல நிப்பீங்க. உங்கள ஏமாத்த மூணு பேரு போதாதா? நாலாவது ஆளா நானும் சேரணுமா? வீட்டுல ஒருத்தியாவது ஒழுங்கா இருக்க வேண்டாமா?" என்று மூச்சு விடாமல் பேசினேன்.

முழுவதும் கேட்டார். "நீ சொல்றது நியாயம்தான்" என்றார். காரைக் கிளப்பினார். ஆபீஸ் பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராக வீட்டுக்கு ஓட்டினார்.

இவர் போன் போட்டுக் கூப்பிட, சாயங்காலம் தியாகிகள் மூவரும் வந்து சேர்ந்தார்கள், ஆளுக்கு ஒரு மூட்டை மிட்டாயோடு. ஒருவர் செய்தது இன்னொருவருக்கு அப்போதுதான் தெரிந்தது. "நீயுமா?" "நீங்களுமா?" என்று ஒரே அமளி. இவர் தம்பியைக் கட்டிக்கொண்டார். என் அண்ணனை, "மேளக்காரரே" என்று கூப்பிட்டார். தங்கையைத் திட்டுகிற மாதிரித் திட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இழவு வீடு மாதிரி இருக்கும் என்று நினைத்து நான் சமைக்காமல்கூட இருந்தேன். கடைசியில் கல்யாண வீடு மாதிரி எல்லாருக்கும் சமைக்க வேண்டியதாயிற்று.

தட்டுகளை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது நாத்தனார் என்னைப் பார்த்து, "நீங்க எத்தனை வாங்கினீங்க அண்ணி?" என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். மாட்டவே மாட்டேன் என்று நான் அன்றைக்குச் சொல்லியிருந்தும், பிறகு போய் வாங்கியிருப்பேன் என்றே நம்பியிருக்கிறாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். காரில் அவ்வளவு பேசினேனே, அதில் ஒரு வார்த்தையாவது வாயில் வர வேண்டுமே. வரவில்லை.

"அவளுக்கு இஞ்சி ஒத்துக்காது, விடு" என்றார் இவர், என் கையிலிருந்த தட்டுகளை வாங்கிக்கொண்டே.

மூன்று பேரும், "அப்படியா, பாவம்" என்று தலையை ஆட்டினார்கள். தினமும் காலையில் நான் எழுந்து வருவதற்குள் என் டீக்கு இஞ்சியைத் தட்டிப் போட்டுவைக்கிறவர் இவர்தான். அது அந்த மூன்று பேருக்கும் நன்றாகத் தெரியும்.